பில்லி த கிட் காலத்துத் துப்பாக்கிகள்: சேகரிக்க ஆசைப்படுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். வேலைக்காக அமெரிக்கா வந்து சில வருடங்கள் கழித்து, அந்தப் படக்கதைகளில் வரும் துப்பாக்கிகளைச் சந்தையில் மேசை மேல் பரப்பி வைத்து விற்கிறார்கள் என்று தெரிந்தபோது ஒரு கிறுக்குப் பிடித்தது. இன்னும் தெளியவில்லை. நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் போன் போட்டுக் கேட்கும் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு பழையதாக இருந்தால் ஒரு துப்பாக்கியைப் பழம்பொருள் என்பார்கள்?

அமெரிக்க மத்திய அரசுக்கு இதில் குழப்பமே இல்லை. 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது பழம்பொருள், அதைத் துப்பாக்கி என்றே அந்தச் சட்டம் எண்ணாது. 1899 ஜனவரியில் செய்தது சாதாரணத் துப்பாக்கி. ஒரே தொழிற்சாலை, ஒரே மாடல், ஒரே ஆள் செய்தது என்றாலும் அப்படித்தான். அதனால்தான் எந்த ஆண்டில் செய்தது என்று காட்டும் வரிசை எண்ணுக்கு இந்தத் தொழிலில் அத்தனை மரியாதை. கோல்ட் கம்பெனியின் புகழ்பெற்ற 1873 மாடல் ரிவால்வரில், ஏறக்குறைய 1,82,000 வரையுள்ள எண்கள் இந்தக் கோட்டுக்கு உள்ளே வரும். (கோல்ட் என்றால் தங்கம் இல்லை, கம்பெனியைத் தொடங்கிய சாமுவேல் கோல்ட்டின் பெயர். விலையைக் கேட்டால் தங்கமோ என்று தோன்றும்.)

மாநிலங்களும் நகரங்களும் தனித்தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

எந்தெந்தத் துப்பாக்கிகளைத் தேடுகிறார்கள்?

பட்டியல் பெரியது. நான்கைந்து தெரிந்தால் பேச்சுக்குப் போதும். 1847இல் வந்த வாக்கர் ரிவால்வர் இரண்டு கிலோவுக்கும் மேல் கனம், மொத்தமே 1,100 செய்தார்கள். அதில் ஒன்று 2018இல் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. 1851 நேவி மாடல், அந்தக் காலத்துப் பிரபலத் துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் இடுப்பில் தந்தப் பிடியோடு இருந்தது. 1873 கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது 'பீஸ்மேக்கர்', படங்களில் எல்லோர் இடுப்பிலும் தொங்குவது. அதே ஆண்டு வந்த வின்செஸ்டர் 1873 ரைஃபிள் 7 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைனும் (குட்டைக் குழல் ரைஃபிள்) உண்டு.

வின்செஸ்டருக்கும் கோல்ட்டுக்கும் இருந்த பொருத்தம் சுவாரசியமானது. .44-40 என்ற ஒரே தோட்டா ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் சேரும்படி கோல்ட் ஒரு வகையைச் செய்து விற்றது. பாலைவனத்தில் இரண்டு வகைத் தோட்டா சுமக்க வேண்டாமே. அந்த வகைக் கோல்ட் ஒன்றைப் பற்றித்தான் அடுத்த பதில்.

ஒரு ரிவால்வர் 60 லட்சம் டாலருக்குப் போனது உண்மையா?

உண்மை. 2021 ஆகஸ்ட் 27, லாஸ் ஏஞ்சலஸ், பான்ஹம்ஸ் ஏலம். 20 முதல் 30 லட்சம் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். கடைசியில் 60 லட்சத்து 30 ஆயிரம். அதுவரை ஏலத்தில் எந்தத் துப்பாக்கியும் தொடாத விலை. பில்லி த கிட் என்ற பேர்போன இளம் குற்றவாளியை ஷெரிஃப் பாட் கேரட் சுட்ட துப்பாக்கி அது.

கதை இதுதான். 1880 டிசம்பரில் நியூ மெக்சிகோவின் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பில்லியின் கூட்டத்தைக் கேரட் வளைத்துப் பிடித்தார். அப்போது பில்லி வில்சன் என்ற கூட்டாளியிடமிருந்து பறித்தது இந்தக் கோல்ட், வரிசை எண் 55093. பில்லி த கிட்டுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1881 ஏப்ரல் 28 அன்று லிங்கன் ஊர் நீதிமன்றக் கட்டடத்திலிருந்து இரண்டு காவலர்களைக் கொன்றுவிட்டுத் தப்பினான். அதில் பாப் ஆலிங்கர் என்பவரை அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியாலேயே சுட்டான். அந்த இரட்டைக்குழலும் இதே ஏலத்தில் 9 லட்சத்து 78 ஆயிரத்துக்குப் போனது. ஜூலை 14 நள்ளிரவு, ஃபோர்ட் சம்னரில், விளக்கில்லாத படுக்கையறை. உள்ளே வந்த பில்லி இருட்டில் ஆள் இருப்பதை உணர்ந்து, ஸ்பானிய மொழியில் "யார் அது?" என்றான். கேரட் சுட்டார். பில்லிக்கு வயது 21 இருக்கலாம்.

இந்தக் கதையால் மட்டும் 60 லட்சம் வரவில்லை. நல்ல கதை எல்லா மேசையிலும் கிடைக்கும். இந்தத் துப்பாக்கி ஒரு சலூனின் (முடிவெட்டும் கடை இல்லை, மதுக்கடை) காட்சிப்பொருளாக எல் பாசோ நகரில் இருந்தது. 1908இல் கேரட் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து சலூன்காரரும் இறந்தபோது, கேரட்டின் மனைவி அப்போலினாரியா அது தன் கணவருடையது, இரவலாகத்தான் போயிருந்தது என்று வழக்குப் போட்டு 1934இல் ஜெயித்தார். ஒரு நீதிமன்றமே உட்கார்ந்து இது யாருடையது என்று விசாரித்துத் தீர்ப்பெழுதிய துப்பாக்கி இது! அதற்குப் பிறகு யார் யார் கைக்குப் போனது என்ற சங்கிலியிலும் கண்ணி அறுபடவில்லை. கதை இல்லாத அதே ரகக் கோல்ட் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். மீதி அத்தனையும் காகிதத்தின் விலை.

அந்தக் 'காகிதம்' என்றால் என்ன?

நம் ஊரில் நிலம் வாங்கப் போகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் மூலப்பத்திரம் எங்கே என்றுதான் கேட்போம். பிறகு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். நடுவில் ஒரு பத்திரம் விடுபட்டிருந்தால் கையை விட்டுவிடுவோம். துப்பாக்கிக்கும் அதே நியாயம்தான். முதல் ஆளிடமிருந்து இன்று விற்பவர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அந்தக் காலத்திலேயே எழுதிய எழுத்து வேண்டும். இரண்டு வருடம் முன்பு எழுதியது கணக்கில் வராது.

முதலில் எடுக்க வேண்டியது தொழிற்சாலைக் கடிதம். கோல்ட் கம்பெனியின் ஆவணக் காப்பகத்துக்கு வரிசை எண்ணை எழுதிக் கட்டணம் செலுத்தினால், அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில், எந்த அளவுக் குழலோடு, என்ன மெருகோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று பழைய பேரேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். வின்செஸ்டர் பேரேடுகள் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற பெயருள்ள நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் எல்லா ஆண்டுகளுக்கும் இல்லை. கோல்ட்டிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு: 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலை எரிந்தபோது அதற்கு முந்தைய பதிவேடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகவே ஹிக்காக் வைத்திருந்த நேவி போன்ற பழைய மாடல்களுக்குக் கடிதம் கிடைப்பது அபூர்வம். பொய் சொல்கிறவர்களுக்கும் அது தெரியும்.

இன்னொன்று. பெரும்பாலான கடிதங்களில் 'செயின்ட் லூயிஸ் மொத்த வியாபாரிக்கு 50 துப்பாக்கிகள்' என்று வறட்சியாக ஒரு வரிதான் இருக்கும். துப்பாக்கி எப்போது பிறந்தது என்பதை அது சொல்லும். கடைக்காரரிடமிருந்து யார் வாங்கிப் போனார் என்பது அதில் இருக்காது.

பிரபலங்களின் பெயரே பேரேட்டில் இருக்கும் துப்பாக்கிகள் உண்டா?

உண்டு, அதுதான் புதையல். டாட்ஜ் சிட்டியில் ஷெரிஃபாக இருந்த பேட் மாஸ்டர்சன் 1879இலிருந்து நேராகக் கம்பெனிக்கே எழுதி வாங்கினார். 1885 ஜூலை 24 தேதியிட்ட அவருடைய கடிதம் இன்னும் இருக்கிறது. ஒரு சலூனின் கடிதத்தாளில் எழுதியது. .45 வேண்டும், நிக்கல் பூச்சு வேண்டும், விசை லேசாக இழுபட வேண்டும், முனையில் உள்ள குறிமுள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் இருக்கட்டும், குழலின் நீளம் அதன் கீழே காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பியின் அளவு இருந்தால் போதும் என்கிறார். தையல்காரரிடம் சட்டைக்கு அளவு சொல்வதுபோல இருக்கிறது. சினிமாவில் காட்டும் வீராப்பை விட எனக்கு இந்தக் கடிதம்தான் பிடிக்கும்.

குடும்பத்தார் எழுதிக் கொடுத்த அபிடவிட் இருந்தால் போதாதா?

போதாது. நோட்டரி பார்ப்பது கையெழுத்துப் போட்டவர் அவர்தானா என்பதை மட்டும்தான். அவர் சொல்வது உண்மையா என்று நோட்டரி விசாரிப்பதில்லை.

இதில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவில் ஒரு சந்தையில், ஒரு பெயர்பெற்ற மார்ஷல் வைத்திருந்தது என்று நோட்டரி முத்திரையோடு ஒரு கோல்ட்டை வாங்கினேன். பேத்தி எழுதிக் கொடுத்த மூன்று பக்கம், படித்தால் கண் கலங்கும். ஆறு மாதம் கழித்துத் தொழிற்சாலைக் கடிதம் வந்தது. 7½ அங்குலக் குழல், நிக்கல் பூச்சு என்றது. என் கையில் இருந்தது 4¾ அங்குலம், நீல மெருகு. யாரோ குழலை அறுத்து, பூச்சைச் சுரண்டி, கதையையும் பூசியிருக்கிறார்கள். பேத்தி பொய் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கடிதத்தை வாங்கிய பிறகு துப்பாக்கியை வாங்கியிருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

இந்தப் போலி வியாபாரம் எப்போது தொடங்கியது?

அந்த நாயகர்கள் உயிரோடு இருக்கும்போதே! மாஸ்டர்சன் பிற்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகைக்காரராக இருந்தார், 1921இல் மேசையில் எழுதிக்கொண்டே இறந்தார். 'உங்கள் துப்பாக்கியைக் கொடுங்கள்' என்று ஒரு சேகரிப்பாளர் விடாமல் நச்சரித்ததால், அடகுக் கடையில் ஒரு பழைய கோல்ட்டை வாங்கி, பிடியில் 22 வெட்டுக்குறிகளைக் கீறித் தலையில் கட்டிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. இதே குறும்பை அவர் பல தடவை செய்ததாகவும் சொல்வார்கள். பிடியில் வெட்டுக்குறி இருந்தால் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவேன்.

பிரபலக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் தாய் செரெல்டா இன்னும் கெட்டிக்காரி. 1882 ஏப்ரலில் மகன் சுடப்பட்ட பிறகு, மிசௌரிப் பண்ணைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கினாள். கல்லறை மேல் இருந்த கூழாங்கற்களை விற்றாள், தீர்ந்தால் ஓடையிலிருந்து அள்ளி வந்து போட்டுக்கொண்டாள் என்பார்கள். 'ஜெஸ்ஸியின் துப்பாக்கி'யும் அதே போல ஊற்றெடுத்துக்கொண்டே இருந்ததாம். அந்த வீட்டிலிருந்து, அந்தத் தாயின் கையாலேயே வாங்கியது என்று ஒரு குடும்பம் இன்று சத்தியம் செய்தால், அந்தச் சத்தியம் உண்மையாகவே இருக்கலாம். துப்பாக்கிதான் பொய்.

பெயர்பெற்ற காவல் அதிகாரி வயட் எர்ப்புக்கு 12 அங்குலக் குழல் வைத்த கோல்ட் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று 1931இல் வந்த வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதியது. கம்பெனிப் பேரேட்டில் அப்படி ஒரு அனுப்புகை இல்லை. டெலிவிஷன் தொடரால் அந்தத் துப்பாக்கி பிரபலமாகி, ஆட்கள் கேட்கத் தொடங்கியதும், 1957இல் கம்பெனியே அதைச் செய்து விற்க ஆரம்பித்தது.

பில்லி த கிட் இடதுகைக்காரனா?

இது துப்பாக்கிக் கேள்வி இல்லைதான், ஆனால் துப்பாக்கிதான் பதில் சொன்னது. பில்லியின் பழைய தகரப் படம் ஒன்று இருக்கிறது (2011இல் 23 லட்சம் டாலருக்கு விற்றது). அதில் ரிவால்வர் இடது இடுப்பில் தெரியும். அதை வைத்து இடதுகைக்காரன் என்று காலகாலமாக எழுதினார்கள். ஆனால் தகரத்தில் எடுத்த படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித்தான் விழும். படத்தில் அவன் ஊன்றி நிற்கும் வின்செஸ்டரைப் பாருங்கள்: தோட்டா போடும் வாய் இடப்பக்கம் இருக்கிறது. வின்செஸ்டர் 1873இல் அது வலப்பக்கம்தான். படத்தைத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும்.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. 'இதோ அவர் கையில் இதே துப்பாக்கி' என்று புகைப்படம் காட்டினால், முதலில் படம் இடவலம் மாறியதா என்று பாருங்கள். பிறகு, அது புகைப்படக்காரர் போஸ் கொடுக்கக் கொடுத்த துப்பாக்கியா என்றும் கேளுங்கள். அந்தக் கால ஸ்டுடியோக்களில் அதுவும் நடக்கும்.

பூதக்கண்ணாடி இல்லாமல் எதைப் பார்க்கலாம்?

கோல்ட் 1873ஐ மட்டும் சொல்கிறேன். வரிசை எண் சட்டகத்தின் அடியில், விசைக்காப்பில், பிடியின் பின்பட்டையில் என்று மூன்று இடத்தில் இருக்கும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எண்களின் எழுத்து வடிவமும் ஆழமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது ஆண்டு. 55,000ஐ ஒட்டிய எண் என்றால் 1880. ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்ணைக் காட்டி, 1881இல் செத்தவனுடையது என்று ஒருவர் சொன்னால் பேசாமல் அடுத்த மேசைக்குப் போய்விடலாம். எண்ணை மாற்றி அடித்திருந்தால்? தோட்டா அறைகள் உள்ள சுழலும் சிலிண்டரைத் தாங்கும் ஊசியைப் பிடித்திருப்பது எது என்று பாருங்கள். பழைய சட்டகத்தில் முன்னால் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். 1890களின் நடுவில் அதை விட்டுவிட்டுக் குறுக்கே அழுத்தும் ஸ்பிரிங் ஊசிக்கு மாறினார்கள். என் நண்பர் ஒருவரிடம் பில்லியின் கூட்டாளி வைத்திருந்தது என்று விற்க வந்த துப்பாக்கியில் அந்தக் குறுக்கு ஊசி இருந்தது.

திருகாணியின் தலைகள் நசுங்கியிருந்தால் பலர் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூர்மையான விளிம்புகள் உருண்டு, எழுத்துகள் மங்கி, மெருகு மட்டும் பளபளவென்று இருந்தால் தேய்த்து மறுபூச்சுப் போட்டது.

துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். மெல்லிய எண்ணெய், மென்மையான துணி, அவ்வளவுதான். பழுப்பேறிய மேற்பரப்புக்குத்தான் மதிப்பு. பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்கும் கை இதில் சும்மா இருக்க வேண்டும்.

சுட்டுப் பார்க்கலாமா?

அவை கருமருந்துக்குச் செய்த இரும்பு. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவின் அழுத்தத்தில் சிலிண்டர் வெடித்துவிடலாம். சுடும் ஆசை இருந்தால் இத்தாலியில் உபெர்ட்டி, பியெட்டா செய்யும் நகல்களை வாங்குங்கள். தோட்டா போட்டுச் சுடும் நகலுக்குப் புதுத் துப்பாக்கிக்கான சட்டம் முழுவதும் பொருந்தும். பழைய ஆட்கள் ஆறு அறை ரிவால்வரில் ஐந்துதான் நிரப்புவார்கள், சுத்தியலுக்குக் கீழே காலி அறை. கீழே விழுந்தால் தானாக வெடித்துவிடும் என்ற பயம். அதை நகலிலும் கடைப்பிடியுங்கள்.

கஸ்டரின் கடைசிப் போரில் பயன்பட்ட துப்பாக்கி என்று விற்கிறார்களே?

1876 ஜூன் 25, 26 தேதிகளில் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, ஷையன் பழங்குடி மக்கள், கஸ்டர் தலைமையில் வந்த அமெரிக்க ராணுவத்தின் 7ஆவது குதிரைப்படையைத் தோற்கடித்தார்கள். கஸ்டரோடு நேரடியாகச் சென்ற படைவீரர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களுடைய துப்பாக்கிகள் வென்றவர்களிடம் போயின. அதனால் காகிதம் என்பது அநேகமாக இல்லை, போலிகளுக்கோ அளவே இல்லை. ராணுவத்துக் கோல்ட் என்றால் 'யு.எஸ்.' முத்திரையும், ஐன்ஸ்வர்த் என்ற ஆய்வாளரின் குறியும் தேடுவார்கள். இவற்றை அடித்துத் தருவதற்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு அபூர்வமான சாட்சி உண்டு. 1983இல் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெட்டவெளியானது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு நடந்து, காலித் தோட்டாக்களை விழுந்த இடத்திலேயே கொடி நட்டுக் குறித்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் சுத்தியல் ஊசியும் தோட்டாவின் அடியில் தனக்கே உரிய தழும்பை விடும், கைரேகை மாதிரி. அதை வைத்து ஒரு துப்பாக்கி போர்க்களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே வரைந்துவிட்டார்கள். லகோட்டா, ஷையன் தரப்பில் வின்செஸ்டர், ஹென்றி ரைஃபிள்கள் எவ்வளவு இருந்தன என்பதும் அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. தனியார் கையில் இருந்த சில துப்பாக்கிகளைச் சோதனைக்குச் சுட்டுப் பார்த்ததில், களத்தில் கிடைத்த தோட்டாவோடு தழும்பு பொருந்தியதும் உண்டு. அப்படிப் பொருந்தினால் நோட்டரியும் வேண்டாம், பேத்தியும் வேண்டாம்.

நீங்களே போய்த் தோண்டலாம் என்று நினைக்காதீர்கள். அது தேசிய நினைவிடம், கூழாங்கல்லை எடுத்தாலும் குற்றம்.

பழங்குடி மக்களைக் கொன்ற ஆயுதங்களைச் சேகரிப்பது உறுத்தவில்லையா?

உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று வின்செஸ்டரை விளம்பரம் செய்தார்கள். தோற்றவர்கள் யார் என்று அந்த விளம்பரத்தில் இருக்காது. 1881 ஜூலையில் ஃபோர்ட் ப்யூஃபோர்டில் சரணடைந்தபோது லகோட்டா தலைவர் சிட்டிங் புல் தன் ரைஃபிளைத் தானே நீட்டவில்லை, சின்ன மகன் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொன்னார். அதுவும் வின்செஸ்டர்தான்.

நான் எனக்காக ஒரு கோடு போட்டிருக்கிறேன்: வூண்டட் நீ போன்ற படுகொலைக் களத்திலிருந்து எடுத்தது என்று சொல்லப்படும் எதையும் தொடுவதில்லை, அது உண்மையாக இருந்தாலும், குறிப்பாக உண்மையாக இருந்தால். மாசசூசெட்ஸின் பாரி என்ற சிற்றூர் அருங்காட்சியகம் நூறு வருடத்துக்கும் மேலாக வைத்திருந்த, வூண்டட் நீயில் எடுத்தவையும் இருப்பதாக நம்பப்பட்ட, ஏறக்குறைய 150 பொருள்களை 2022இல் லகோட்டா மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. உங்கள் கோட்டை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போக முடியுமா?

அந்த எண்ணமே வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில், பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருள் ஆயுதத்துக்குத்தான் விலக்கு. உங்கள் கோல்ட் சுடும். அமெரிக்கச் சட்டம் அதைத் துப்பாக்கி இல்லை என்று சொல்வது சென்னை சுங்கத்தில் செல்லாது. படம் எடுத்து அனுப்புங்கள், போதும்.

பெரிய பெயர் இருந்தால் விலை ஏறிக்கொண்டேதானே போகும்?

அப்படியும் சொல்ல முடியாது. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட்டில் சீட்டாடும்போது பின்னாலிருந்து சுடப்பட்ட ஹிக்காக், அப்போது வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஸ்மித் அண்ட் வெஸன் 2013இல் ஏலத்துக்கு வந்தது. 2,20,000 டாலர் வரை கேட்டார்கள். விற்பவர் வைத்திருந்த குறைந்தபட்ச விலையைத் தொடாததால் திரும்பிப் போனது.

கையில் காசு குறைவு. எங்கே தொடங்குவது?

பெயரே இல்லாத துப்பாக்கியில் தொடங்குங்கள். முதலில் கோடி நகரத்துக்கு ஒரு தடவை போய், அசல் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்குங்கள். காட்டெருமை வேட்டைக்காரர் பஃபலோ பில்லின் ஸ்பிரிங்ஃபீல்ட் அங்கே இருக்கிறது. தோளில் வைக்கும் மரக்கட்டை போய்விட்டது, மிஞ்சிய இரும்புதான். பிறகு தேய்ந்துபோன, யாருடையது என்று யாரும் சொல்லாத ஒரு வின்செஸ்டர் 1873 வாங்குங்கள். கடிதம் வந்து, அதில் சொன்னபடியே துப்பாக்கி இருந்தால், உங்களிடம் இருப்பது முழு உண்மை.

அப்படி ஒன்று 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் கிடைத்தது. பூங்கா ஊழியர் ஒருவர் நடந்துபோகையில் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாத்தி வைத்த வின்செஸ்டர் 1873ஐப் பார்த்தார். மரம் போலவே வெளிறி, கட்டையின் அடி மண்ணில் புதைந்து, யாரோ இப்போதுதான் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனதுபோல நின்றிருந்தது. கோடி அருங்காட்சியகத்துப் பேரேட்டைப் பார்த்தார்கள். 1882இல் அனுப்பப்பட்டது என்று இருந்தது, யாருக்கு என்று இல்லை. அந்த ஒரே வருடத்தில் இந்த மாடல் 25,000க்கும் மேல் தயாரானது. யாரும் உரிமை கோரவில்லை, எந்தப் பேத்தியும் அபிடவிட் எழுதவில்லை. உள்ளூர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது குழலில் தோட்டா இல்லை, கட்டைக்குள் இருந்த சின்ன அறையில் மட்டும் ஒன்று இருந்தது.